பெயரை அடித்தேன், தோட்டத்தை விட்டேன்

மருத்துவப் பதிவேடுகள் படிப்புக்கு இந்த ஆண்டு புதிதாகப் பாடம் எடுக்க வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். பாடத்திட்டத்தைப் புரட்டியிருப்பீர்கள். நோயாளியின் தகவல்களைக் காப்பது என்ற பாடம் எங்கே இருக்கிறது என்று கவனித்தீர்களா? கடைசியில். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம், பாதிப் பேர் வராத ஒரு மதியத்தில், ஒரு மணி நேரத்தில் அதை முடித்துக் கையைக் கழுவிவிடுவது நம் வழக்கம். "ரகசியம் காப்பதன் அவசியத்தை விளக்குக" என்று தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வரும். பிள்ளைகள் ஒன்றரைப் பக்கம் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். எழுதிவிட்டு வெளியே வந்து, வார்டில் பார்த்த யாரோ ஒருவரின் ஸ்கேன் படத்தைப் போனில் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டிக்கொண்டே பஸ் ஏறுவார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓய்வு பெற்றவள் எதற்கு இப்படிக் கொதிக்கிறாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றட்டும். இந்தக் கோபத்தில் பெரிய பங்கு என் மேல்தான். அது ஏன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். முதலிலேயே ஒன்று: இதில் வருகிற யாருக்கும் பெயர் கிடையாது. மாணவி என்றால் மாணவி, அந்தப் பெண் என்றால் அந்தப் பெண். குழப்பம் இல்லாமல் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

நான் பிறந்தது, வளர்ந்தது, வாக்கப்பட்டது எல்லாம் சேலம் டவுனுக்குள், பங்குக் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து நாமக்கல் வந்து, இந்த மருத்துவமனையின் ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தேன். அந்த அறைக்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. சிகிச்சைச் சுருக்கத்தின் நகல் வேண்டும், இன்சூரன்ஸ் படிவத்தில் முத்திரை வேண்டும் என்று வருகிறவர்கள் அங்கே நிற்பார்கள். அவர்களோடு இன்னொரு ரகமும் வரும். சலவை மடிப்புக் கலையாத வேட்டி, முகம் நிறையச் சிரிப்பு. ஜன்னலுக்குள் தலையைக் கொடுத்துக் குரலைத் தாழ்த்துவார்கள்.

"ஒரு நல்ல காரியமுங்க."

இந்த மூன்று வார்த்தையை நீங்களும் கேட்பீர்கள், தயாராக இருங்கள். ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறார்கள், அல்லது ஒரு மாப்பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள். அவர் எப்போதோ இங்கே வைத்தியம் பார்த்ததாகக் காதில் விழுந்திருக்கிறது. ஃபைலை ஒரு புரட்டுப் புரட்டி, என்ன ஏது என்று சொன்னால் போதும். தாங்கள் தப்பாக எதையும் கேட்பதாக அவர்களுக்கு நினைப்பே இருக்காது. மளிகைக் கடையில் விசாரித்தாயிற்று, பஸ் ஸ்டாப்பில் விசாரித்தாயிற்று, அதே வரிசையில் எங்கள் ஜன்னலிலும் விசாரிக்கிறார்கள். நல்ல காரியம் என்று சொல்லிவிட்டால் எந்தப் பூட்டும் திறந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

எங்களோடு ஃபைல் அடுக்கிக்கொண்டிருந்த அட்டெண்டர் ஒருவர் இவர்களைச் சமாளிப்பதில் கெட்டிக்காரர். ஒரு நாள் இப்படி வந்து நின்ற ஒருவரிடம், மரியாதை துளியும் குறையாமல் சொன்னார்: "தாராளமாப் பாக்கலாமுங்க. அதுக்கு முன்னால உங்க ஊட்டு ஃபைலு, உங்க பையனோட ஃபைலு எல்லாத்தையும் எடுத்து அந்தப் பொண்ணு ஊட்டுக்காரங்க கையில குடுத்தறட்டுங்களா? நல்ல காரியந்தானுங்களே."

வந்தவர், "அதெதுக்குங்க இப்ப" என்று முனகிக்கொண்டே நடையைக் கட்டினார். அந்த வாக்கியத்தை நான் அன்றே சொந்தமாக்கிக்கொண்டேன். அதைச் சொல்லியே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜன்னலைக் காப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு திமிரே வந்துவிட்டது.

பணியின் கடைசி இரண்டு வருடங்களில், மருத்துவமனையே நடத்தும் இந்தக் கல்லூரியில் புதன்கிழமை மதியம் வகுப்பெடுக்கச் சொன்னார்கள். சந்தோஷமாகப் போனேன். பிள்ளைகளுக்குக் கேஸ் ஷீட் படிக்கவே தெரியவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. பாடப் புத்தகத்தில் இருக்கும் மாதிரித் தாளில் நோயாளி எப்போதும் நாற்பது வயது ஆண், எழுத்து முத்து முத்தாக இருக்கும், அவருக்கு ஊர்கூடக் கிடையாது. நிஜத்தில் அப்படியா வருகிறது? நிஜத் தாளையே கொடுத்துப் பழக்குவோம் என்று முடிவு செய்தேன்.

ரெக்கார்டு ரூமில் ஒரு கேஸ் ஷீட்டைத் தேடி எடுத்தேன். அனுமதித்த நாள் முதல் அடுத்தடுத்து வந்து காட்டியது வரை எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. அதற்கு ஒரு நகல் எடுத்து, கறுப்பு மார்க்கரால் நோயாளியின் பெயரை அடித்தேன். அப்பா பெயரை அடித்தேன். போன் எண்ணை அடித்தேன். ஓ.பி. எண்ணைக்கூட விட்டுவைக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை. வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டு ஜெராக்ஸ் போட்டேன். அந்த நோயாளியைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு நொடிகூட எனக்கு வரவில்லை. இதை நான் உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

அன்றைக்கு நான் எடுத்த பாடம் எது என்று நினைக்கிறீர்கள்? தகவல் காப்பதுதான். ஒரு தாளைத் தூக்கிக் காட்டி, "பெயரை மறைச்சாச்சுன்னா இது யாரோட தாளும் இல்ல. இனிமே இது வெறும் பாடம்" என்று முழங்கினேன். பிறகு ஆளுக்கு ஒரு வரியாக வாசிக்கச் சொன்னேன். முன் பெஞ்சில் ஒருத்தி தொடங்கினாள். பெண், வயது இருபத்து நான்கு, முட்டைக் கம்பெனி ஆபீஸில் வேலை. அடுத்தவள் முகவரி வரியை வாசித்தாள். பெயர்தான் கறுப்பாக இருந்ததே தவிர, அதற்குக் கீழே எல்லாம் பளிச்சென்று இருந்தது. ரெட்டக்கிணத்துத் தோட்டம், ஜேடர்பாளையம் வழி.

நான் டவுன்காரி என்பது இங்கேதான் வெளிப்பட்டது. எங்கள் தெருவில் ஒருவரை அடையாளம் காட்டுவது அவர் பெயர். காவிரிக் கரைப் பக்கம் அப்படி இல்லை. அங்கே வீடுகள் அவரவர் நிலத்தில் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பெயர், தோட்டத்துப் பெயர். பஸ்ஸில் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் முதல் கேள்வி எந்த ஊருங்க, இரண்டாவது கேள்வி எந்தத் தோட்டமுங்க. இறங்குகிற வரை பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே பேசி முடித்துவிடுவார்கள். ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பெண்கள் இருக்கலாம். ஒரு தோட்டத்தில் ஒரு வீடுதான். இத்தனை வருடம் அந்த முகவரிகளை ஆயிரக்கணக்கில் பார்த்தவளுக்கு இது உறைக்கவில்லை. எதை அடிக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, பெயரைப் பார்த்துப் பார்த்து அடித்திருந்தேன்.

வகுப்பு முடிந்ததும் மூன்றாவது பெஞ்சு மாணவி ஒருத்தி போகாமல் நின்றாள். அதிகம் பேசாத பெண். தாளை நான்காக மடித்துக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"மேடம், இதுல இருக்கறது யாருன்னு எனக்குத் தெரியுமுங்க."

"பேர்தான் இல்லையேம்மா. எப்படித் தெரியும்?"

"பேரு எதுக்குங்க மேடம்? ரெட்டக்கிணத்துத் தோட்டத்துல ஒரே ஊடு. அந்த ஊட்டுல ஒரே பொண்ணு. எங்கண்ணனுக்கு நிச்சயம் பண்ணியிருக்கற பொண்ணுங்க. ஆவணில கல்யாணம்."

அந்த நிமிடத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா? பொய் சொன்னேன். "அது இல்லம்மா இது. அதே பேர்ல மோகனூர் பக்கம் வேற ஒரு தோட்டம் இருக்கு" என்றேன். கூசாமல் வந்தது. அவள் தாளைப் பிரித்து, முகவரி வரியில் விரலை வைத்தாள்.

"ஜேடர்பாளையம் வழின்னு போட்டிருக்குதுங்களே மேடம்."

அவளே தொடர்ந்தாள். "இப்ப நான் ஊட்டுல சொல்லோணுங்களா, சொல்லக் கூடாதுங்களா? தொழில்ல பாத்தது வெளிய போகக் கூடாதுன்னு நீங்கதான் இப்பச் சொன்னீங்க. ஆனா அவன் எங்கூடப் பொறந்தவனுங்க மேடம்."

ஐந்து மதிப்பெண் விடையில் இதற்குப் பதில் கிடையாது. நான் யோசித்துச் சொன்னேன்: "சொல்லாதம்மா. அது அந்தப் பொண்ணு சொல்ல வேண்டிய விஷயம். உன் வாயிலயிருந்தும் வரக் கூடாது, என் வாயிலயிருந்தும் வரக் கூடாது." இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை அன்று எனக்கு இல்லை. ஊருக்கே சொல்லிவிட்டு அவளை மட்டும் வாயைக் கட்டச் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். "சரிங்க மேடம், சொல்ல மாட்டனுங்க" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். என் தப்பை ஒரு சின்னப் பெண்ணின் தலையில் கட்டி அனுப்பினேன்.

மறுநாள் காலை வகுப்புக்குப் போய் எல்லாத் தாளையும் திரும்ப வாங்கினேன். முந்தின நாள் அந்த மாணவி கொடுத்ததையும் சேர்த்து முப்பத்தேழு வந்தது. மூன்று தடவை எண்ணினேன், முப்பத்தேழுதான். கீழே விழுந்திருக்கும் மேடம் என்றார்கள். பெருக்குகிற அம்மா எடுத்துப்போட்டிருப்பார் மேடம் என்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மருத்துவமனை நிர்வாகியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

"ஒரு ஜெராக்ஸ்தானுங்க மேடம். பேருகூட இல்லைங்கறீங்க. நாமளாக் கிளறாம இருந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

நானும் சரி என்று வந்துவிட்டேன். அந்தப் பெண்ணிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் சும்மா இருந்தேன். அந்த மூன்று நாள்தான் இதில் மிகக் கேவலமான பகுதி. ஜெராக்ஸ் போட்டது அறியாமை என்று சொல்லித் தப்பலாம். தெரிந்த பிறகு சும்மா இருந்ததற்கு அந்தச் சாக்கும் கிடையாது.

நான்காம் நாள் ஜன்னலில் ஓர் அம்மா வந்து நின்றார். காதில் பழைய தோடு, கையில் புதுப் போன். "ஒரு நல்ல காரியமுங்க மேடம்" என்று ஆரம்பித்தார். பிறகு போனைத் திருப்பி என் முகத்துக்கு நேரே பிடித்தார். என் தாள்தான். நான் அடித்த கறுப்புக் கோடுகள், ஓரத்தில் யாருடையதோ கட்டை விரல்.

"எங்க சொந்தக்காரங்க குரூப்புல வந்துதுங்க. எங்க ஊட்டுக்கு வரப்போற பொண்ணுதானுங்களா இது? ஆமான்னு சொல்லுங்க, இல்ல இல்லைன்னு சொல்லுங்க. ஒத்த வார்த்த போதும், போயிடறனுங்க."

மாணவியின் அம்மா என்று புரிந்துவிட்டது. என் கைவசம்தான் அட்டெண்டரின் வாக்கியம் இருக்கிறதே, எடுத்து விட்டேன். "உங்க பையனோட ஃபைலை அவங்க வீட்டுக்குக் காட்டினா ஒத்துக்குவீங்களாம்மா?"

அந்த அம்மா அசரவே இல்லை.

"கேட்டாங்கன்னா நாளைக்கே காட்டறனுங்க. நான் ஒண்ணு கேக்கறன், நீங்க சொல்லுங்க. ஊரான் ஊட்டுப் புள்ளையோட காயிதத்த ஜெராக்ஸ் போட்டு வகுப்புல பந்தி வெச்சது நீங்க. நான் வந்து கேட்டா மட்டும் தப்புங்களா?"

இத்தனை வருடமாக நான் ஓட்டிய வண்டி அங்கே நின்றுபோயிற்று. அவர் அதோடு விடவில்லை.

"எம் மக உங்ககிட்டத்தான் படிக்கறா. அவளும் இதப் பாத்திருக்கறா. நாலு நாளா எங்கூட ஒக்காந்து சோறு திங்கறா, ஒரு வார்த்த வாயத் தொறக்கலீங்க. கூடப் பொறந்தவன் வாழ்க்கடீன்னு கேட்டா, சொல்லக் கூடாதும்மாங்கறா. நேத்துக் கை நீட்டிப்போட்டன். பெத்தவகிட்டயே மறைக்கறதுக்குப் படிப்பு சொல்லிக்குடுக்கறீங்களா?"

முப்பத்தெட்டுப் பேருக்குப் பாடம் எடுத்தேன். படித்தவள் ஒருத்தி. அடி விழுந்ததும் அவளுக்குத்தான். படம் எடுத்து அனுப்பிய கட்டை விரல் யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியிருப்பார்.

"இது யாரோடதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. இது வெளிய வந்தது என் தப்பு. அதை யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்டச் சொல்றேன். உங்க பொண்ணை அடிக்காதீங்க. அடிக்கிறதா இருந்தா என்னை அடிங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நேரே நிர்வாகியிடம் போனேன். அந்தப் பெண்ணிடம் நானே போய்ச் சொல்லப் போகிறேன் என்றேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"வக்கீல் நோட்டீஸ் வந்தா யாருங்க பதில் சொல்றது? ஆஸ்பத்திரி பேரு கெட்டுப்போயிரும் மேடம். ரிட்டயர் ஆகற நேரத்துல உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?"

ஆஸ்பத்திரி பெயர்! அந்தப் பெயரைக் காப்பாற்ற என்ன துடிப்பு! ஓர் ஊர் முழுக்கப் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறதே, அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் கிடையாதா? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டேன். எனக்கு எந்த உத்தரவும் வேண்டியிருக்கவில்லை.

எப்படிச் சொல்வது என்பதில்தான் நிதானம் தேவைப்பட்டது. வீட்டுக்குப் போகக் கூடாது. மருத்துவமனைக்காரி ஒருத்தி தோட்டத்துக்குள் நுழைந்தால் யாருக்கு என்ன என்று அக்கம்பக்கம் முழுக்கக் கேள்வி ஓடும். வேலை செய்யும் இடத்துக்குப் போவது அதைவிட மோசம். ஃபைலில் இருந்தது அவருடைய சொந்தப் போன் எண்தானா என்று உறுதி செய்துகொண்டு கூப்பிட்டேன். "உங்களுக்கு என்னால ஒரு தப்பு நடந்திருக்கும்மா. நேர்ல சொல்லணும். எங்க, எப்பன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். "ஞாயித்துக்கெழம அணைக்கட்டுக்கு வாங்க. கூட்டமா இருக்கும், யாரும் நம்மளக் கவனிக்க மாட்டாங்க" என்றார்.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். அணைக்கட்டில் மீன் வறுவல் கடைகளைச் சுற்றி ஒரே ஜனம். அந்தப் பெண் ஸ்கூட்டரில் தனியாக வந்தார். கரைச் சுவரில் உட்கார்ந்தோம். சாக்கு எதுவும் சேர்க்காமல், எடுத்தது, அடித்தது, விட்டது, சும்மா இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். படம் மாப்பிள்ளை வீட்டுக் குரூப்பில் ஓடிக்கொண்டிருப்பதையும் சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அவுருகிட்ட நான் முன்னாலயே சொல்லிட்டனுங்க மேடம்."

மாப்பிள்ளையைத்தான் சொல்கிறார் என்று எனக்கு உடனே புரியவில்லை.

"நிச்சயத்துக்கு முன்னாலயே. இதே எடத்துக்கு வரச் சொல்லி, ஒக்கார வெச்சுச் சொன்னனுங்க. எப்படி ஆரம்பிக்கறது, எந்த வார்த்தைய மொதல்ல சொல்றதுன்னு மாசக்கணக்கா யோசிச்சனுங்க. கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாத்தனுங்க. அவுரு சரின்னாரு. அம்மாகிட்ட மட்டும் நேரம் பாத்து நானே பக்குவமாச் சொல்லிக்கறன்னாரு." இப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "அது என் வாயில இருந்து வந்ததுங்க. இப்ப உங்க ஜெராக்ஸ் மிஷின்ல இருந்து வந்திருக்குது. ரெண்டும் ஒண்ணுங்களா?"

ஒன்றில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரகசியம் என்றால் மூடி வைப்பது என்றே வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் எதையும் மூடி வைக்கவில்லை. யாரிடம் சொல்வது, எப்போது சொல்வது, என்ன வார்த்தையில் சொல்வது என்பது அவர் கையில் இருந்தது. அதைத்தான் நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த வெயிலில் எனக்கு அவமானமாக இருந்தது. வேறு வார்த்தை தேட விரும்பவில்லை.

பையில் கொண்டுபோயிருந்த ஜெராக்ஸ் கட்டை எடுத்துக் கொடுத்தேன். விரலை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டுக் கேட்டார்.

"எத்தன போட்டீங்க?"

"முப்பத்தெட்டு."

"இதுல முப்பத்தேழுதானுங்க இருக்குது. இன்னொன்னு?"

"தெரியலம்மா."

"அது ஒண்ணு வெளிய இருக்கற வரைக்கும் இது முப்பத்தேழும் சும்மாதானுங்களே மேடம்" என்று சொல்லி, கட்டை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். போகும்போது, "வாரேனுங்க" என்றார். அந்த நிலையிலும் மரியாதை விடவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டு வாரம் கழித்து அவரே போனில் கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் பெரியவர்களோடு தோட்டத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்த அம்மா, "பரவால்லீங்க, எங்க பொண்ணுக்கு இருந்தா நாங்க பாக்க மாட்டமா, ஏத்துக்கறம்" என்று எல்லோர் முன்னாலும் பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கிறார்.

"அதுகூடப் பொறுத்துக்கிட்டனுங்க மேடம். அவுரு அவுங்கம்மா பக்கத்துலதான் நின்னாரு. அன்னைக்குத்தான் மொதமொதல்லக் கேக்கற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு நின்னாருங்க. எனக்கு முன்னாலயே தெரியும்மான்னு ஒரு வார்த்த வரல. எனக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு அங்கயே சொல்லிட்டனுங்க."

இதைக் கேள்விப்பட்ட நிர்வாகி என்னிடம் என்ன சொன்னார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "பாத்தீங்களா மேடம், அந்தப் பையன் கொணம் முன்கூட்டியே தெரிஞ்சுபோச்சு. எல்லாம் நல்லதுக்குத்தானுங்க." அன்றைக்கு அவர் மேசையைத் தட்டினேன். தட்டிய வேகத்தில் டம்ளர் உருண்டது. "அந்தப் பையனுக்குப் பக்குவமாச் சொல்ல நேரம் கிடைச்சிருந்தா அவன் எப்படி நடந்திருப்பான்னு உங்களுக்குத் தெரியுமா சார்? எனக்குத் தெரியாது. அந்தப் பொண்ணுக்கும் இனிமே தெரியப் போறதில்ல. அந்த நேரத்தை எடுத்துக்கிட்டது நாம. அதுக்கு நல்லதுன்னு பேர் வைக்காதீங்க" என்றேன். கத்தினேன் என்பதுதான் உண்மை. வெளியே நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. நோயாளியின் விவரம் எதுவும் அதில் இல்லை, அந்த அளவுக்கு நிதானம் இருந்தது.

நடந்ததை என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த புதன்கிழமை வகுப்பில், ஆளைச் சொல்லாமல் என் தப்பை மட்டும் சொன்னேன். ஒரு மாணவியிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். மூன்றாவது பெஞ்சில் அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வீட்டில் அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேச வெகுநாள் ஆயிற்று. அண்ணன் பேசினானா என்று நான் கேட்கவில்லை. படிப்பை முடித்துவிட்டாள். இப்போது வேறோர் ஊரில் ஒரு ரெக்கார்டு ரூம் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள். தன் ஜன்னலில் இருப்பது யார் என்று அந்த மருத்துவமனைக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் நிஜத் தாளை வகுப்புக்கு எடுத்துப் போகவில்லை. நானே கற்பனையாக எழுதினேன், வைத்தியரின் கிறுக்கல் எழுத்து உட்பட. தோட்டத்துப் பெயரைக்கூடப் புதிதாகக் கட்டிவிட்டு, அப்படி ஒன்று எங்கேயாவது இருக்கிறதா என்று நாலு பேரிடம் கேட்டுக்கொண்டேன். பெயரில்லாத அந்தத் தாளைக் கொடுத்து, இவரைக் கண்டுபிடிக்க எந்த வரி போதும் என்று பிள்ளைகளைக் கேட்பேன். கண்மூடித் திறப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். ரெட்டைப் பிள்ளை பெற்றவர். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போனவர். நாமகிரிப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தையல் டீச்சர். பெயர் யாருக்கும் தேவைப்படாது. இதை அவர்களே சொல்லும்படி செய்யுங்கள். அது பாடத்திட்டத்தின் கடைசியில் வர வேண்டிய பாடம் இல்லை, முதல் நாள் வர வேண்டியது.

இனி ஒன்றே ஒன்று. இதை உங்களிடம் சொல்வதற்கும் எழுதுவதற்கும் முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுமதி கேட்டேன். முதல் தடவை கேட்காமல் விட்டதை இப்போதாவது கேட்க வேண்டுமே. அவர் யோசித்து, இரண்டு நாள் கழித்துப் பதில் சொன்னார்.

"எழுதுங்க மேடம். ஊரையும் தோட்டத்தையும் மாத்திப்போடுங்க. வியாதி என்னன்னு மட்டும் எங்கயும் வரக் கூடாதுங்க. கேக்கறவங்க கேப்பாங்க. சொல்லிப்போடாதீங்க."

ஆகவே ரெட்டக்கிணத்துத் தோட்டம் என்று நான் சொன்னது அந்தத் தோட்டம் இல்லை. ஊரும் அதுவல்ல, அணைக்கட்டும் அதுவல்ல, அவர் வேலையும் அதுவல்ல. தேட வேண்டாம்.

போன வாரம் ஆசிரியர் அறையில் இதை உங்கள் மூவரிடமும் வாய்மொழியாகச் சொன்னேன். நான் டீ டம்ளரைக் கீழே வைப்பதற்குள் உங்களில் இருவர் ஒரே நேரத்தில் கேட்டீர்கள், "அப்படி என்ன வியாதிங்க மேடம்?" கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஜன்னலுக்கு வந்தவர்களும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவர்களுக்காவது ஒரு நல்ல காரியம் இருந்தது, உங்களுக்கு அதுகூட இல்லை. மூன்றாமவர் கேட்கவில்லை, ஆனால் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைப் படித்து முடிக்கும் இந்த நேரத்தில் உங்களுக்குள் அந்தக் கேள்வி இன்னும் இருந்தால், காணாமல் போன அந்த முப்பத்தெட்டாவது தாள் உங்கள் கையில்தான் இருக்கிறது. முதலில் அதைத் திருப்பிக் கொடுங்கள். பிறகு வகுப்புக்குப் போகலாம்.